முத்தையாவுக்கு இரண்டாம் இடம்

1

என் அப்பா முத்தையா இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. போன வருஷம் துபாயில் நடந்த ஐஸ் சறுக்குப் போட்டியில் அவர் இரண்டாம் இடம் பிடித்தார். அதற்கு முந்தின வருஷம் நான் மூன்றாம் இடம். சான்றிதழ் இருக்கிறது. லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று அப்பாவுக்குத் திதி. காலையில் ஷார்ஜா வீட்டில் படத்துக்குப் பூ வைத்தோம். படத்தின் மேல் அந்த வெள்ளி மெடல் தொங்குகிறது. ஊரிலிருந்து அக்கா வீடியோவில் வந்தாள்.

"என்னடா அது, அப்பா கழுத்துல?"

"மெடல்."

"யாரு குடுத்தது?"

"அவரே வாங்கினது."

போனை வைத்துவிட்டாள். பிறகு என் மனைவிக்குத் தனியாகப் போன் போட்டு, "தம்பிக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டிருக்கிறாள்.

அக்கா மாதிரிக் கேட்கிறவர்கள் நிறைய. ஒவ்வொருவருக்கும் சொல்ல வாய் வலிக்கிறது. எழுதிவிட்டால் ஒரே வேலை. நான் எட்டாவது வரைதான் படித்தேன். நீளமாக வராது.

2

பேர் கருப்பசாமி. முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே நான் பார்த்த ஐஸ், மீன் பெட்டியில் உமியோடு வரும் ஐஸ்தான். அப்பா ரோடு ரோலர் ஓட்டினார். தார் ரோட்டில் முன்னும் பின்னும் போய் மட்டப்படுத்துவார். நான் துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கிற ஐஸ் தளத்தில் வண்டி ஓட்டுகிறேன். நானும் மட்டம்தான் படுத்துகிறேன். குடும்பத் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே நாற்பத்தைந்து டிகிரி. உள்ளே நான் ஸ்வெட்டர், குல்லா, கையுறை. டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து மூடிக்கொள்ளும். தடவித் தடவித்தான் பஸ் ஏறுவேன்.

வேலை எளிது. ஆட்கள் சறுக்கிச் சறுக்கி ஐஸ் கீறிப் போகும். வண்டிக்கு அடியில் ஒரு கத்தி. அது மேல் பாகத்தைச் சீவும். பின்னாலே சுடுதண்ணீர் வழியும். தண்ணீர் உறைந்தால் கண்ணாடி. ஓரத்துப் பலகை எப்போதும் எனக்கு இடது கைப் பக்கம் இருக்கும், துடைக்கிற பிரஷ் அந்தப் பக்கம் இருப்பதால். அதனால் வண்டி வலம்தான் வரும். கோயிலைச் சுற்றுகிற மாதிரி. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வலம் வருகிறேன். நடுவில் சாமிதான் இல்லை.

இன்னொரு வேலை, குழி அடைப்பது. சறுக்குகிறவர்கள் காலணி நுனியில் பல் இருக்கும். அதைக் குத்தித்தான் எகிறுவார்கள். குத்தின இடத்தில் குழி விழும். ஐஸ் தூளைத் திணித்துத் தண்ணீர் விட்டு அமுக்க வேண்டும். அடைத்த குழிகளை டியூட்டி ஷீட்டில் எழுத வேண்டும். எந்த மூலை, எத்தனை, யார் போனதும். போட்டி நாளில் ஆளின் நம்பரும் போட வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது, தமிழில் எழுதுவேன். மேனேஜருக்குத் தமிழ் வராது. தினமும் கையெழுத்து மட்டும் போடுவார். இருவருக்கும் சௌகரியம்.

3

மகள் யாழினி. வீட்டில் பாப்பா.

மனைவி பஞ்சவர்ணம் ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. அவள் டியூட்டிக்குப் போனால் லீவு நாளில் பாப்பாவை விட இடமில்லை. என்னோடு கூட்டிப்போவேன். மால் திறக்குமுன் தளம் காலியாக இருக்கும். யாரோ மறந்துவிட்டுப் போன காலணியில் பேப்பர் திணித்து மாட்டிவிட்டேன். ஐந்து வயசு. வண்டிக்குப் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு வருவாள். ஈர ஐஸில் வராதே என்றால் கொஞ்சம் தள்ளி வருவாள். நான் நின்றால் நிற்பாள்.

மேரிசெல் என்று ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா அங்கே கோச். அவர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "யாருடைய குழந்தை?" என்றார். நான் என் நெஞ்சைக் காட்டினேன். "என்னிடம் விடு" என்றார். விட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டில் இப்போது பாப்பா பேசுவது முக்கால் இங்கிலீஷ். தன் பெயரைக்கூட யாலினி என்கிறாள்.

"ழ. நாக்க மடி."

"மடிச்சுட்டேன்ப்பா. யாலினி."

ஐஸில் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்குகிறாள். ஒரு நாக்கு மடிய மாட்டேன் என்கிறது. நான் விட்டுவிட்டேன்.

4

போட்டிக் கணக்கு இது.

முதல் வருஷம். வரவேற்பில் இருந்த பெண் காதில் விழுந்தபடி பெயர் எழுதினாள். யாழினி. போட்டி இரண்டு பாகம். முதல் நாள் ஷார்ட். மறுநாள் ஃப்ரீ. இது எனக்குத் தெரியாது. ஷார்ட்டில் மூன்றாவதாக வந்தாள். மேரிசெல், "டுமாரோ ஃப்ரீ" என்றார். நாளைக்கு ஃப்ரீ என்றால் நமக்கு லீவு என்றுதானே அர்த்தம்? அஜ்மானில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டோம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன் வருகிறது.

"வேர் ஆர் யூ!"

"ஃப்ரீ மேடம்."

அவர் அப்புறம் பேசினது எந்தப் பாஷை என்று தெரியவில்லை. டாக்ஸி பிடித்து ஓடினோம். கை நிறைய மருதாணி, வயிறு நிறையச் சாப்பாடு. உடம்பைச் சூடுபடுத்த நேரமில்லை. அப்படியே இறக்கிவிட்டார்கள். இரண்டு தடவை விழுந்தாள். ஐந்தாம் இடம். இரண்டும் என் தப்பு. குழியை நானே அடைத்தேன்.

இரண்டாம் வருஷம். பதிவு கம்ப்யூட்டரில். பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பினார்கள். நமக்கு அப்பா பெயர்தான் பின் பெயர். மைக்கில் படிக்கிற தாளில் பின் பெயர் மட்டும் வரும் என்று யாருக்குத் தெரியும்? நான் ஐஸை முடித்து வண்டியைக் கொட்டகைக்குள் விடுகிறேன். மைக்கில் வெள்ளைக்காரர் குரல்.

"நெக்ஸ்ட் டு ஸ்கேட்... கருப்பஸாமி!"

பிரேக் போட்டேன். வாசலில் நின்ற நேபாளி வாட்ச்மேன் என்னைத் தட்டினான். "பாய், தும்ஹாரா நம்பர். ஜல்தி ஜாவ்!" உன் முறை, சீக்கிரம் போ என்கிறான். தளத்து ஆட்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். குல்லாவும் ரப்பர் பூட்ஸுமாக நிற்கிறேன். இருக்கிறவன் எல்லாம் கை தட்டுகிறான். அதற்குள் மஞ்சள் உடுப்பில் பாப்பா நடுவில் போய் நின்றுவிட்டாள். ஒரு தடவைதான் விழுந்தாள். மூன்றாம் இடம். ஒரு வாரத்துக்குக் கேன்டீனில் என்னைச் சாம்பியன் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் மறுக்கவில்லை.

மூன்றாம் வருஷம். இந்தத் தடவை எமிரேட்ஸ் ஐடி கேட்டார்கள். அதில் அரபு முறைப்படி பெயர் சங்கிலி மாதிரிப் போகும். யாழினி, கருப்பசாமி, முத்தையா. தாளில் கடைசி மட்டும்.

"நெக்ஸ்ட்... முத்தையா!"

நான் வண்டி சீட்டில் இருந்தேன். எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பெயரைச் சத்தமாக யாரும் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அதுவும் மைக்கில். ரோடு ரோலரை எட்டு ஊர் தாண்டி ஓட்டாத மனுஷன். மூன்றரை நிமிஷம் ஐஸில் பறந்தார். விழவில்லை. இரண்டாம் இடம்.

நாலாம் வருஷம், அதாவது இந்த வருஷம். பெயர் குழப்பம் வேண்டாம் என்று நானே கவுன்டரில் போய் நின்றேன். "யாழினி ஒன்லி. நோ ஃபாதர். நோ கிராண்ட் ஃபாதர்." அந்தப் பெண் அப்படியே போட்டாள். பாப்பா முதல் இடம். சாம்பியன்.

நான் வாயைத் திறந்து செய்த ஒரே காரியம் அது. அதில்தான் எல்லாம் போகப் பார்த்தது.

5

குவைத்தில் வளைகுடா கிளப்புகளுக்கான போட்டி. துபாயில் முதல் இடம் வந்தவர் போகலாம். ஆனால் ஒரு விதி. முந்தைய வருஷங்களில் இரண்டு தடவையாவது மெடல் வாங்கியிருக்க வேண்டும். பாப்பாவுக்கு இரண்டு இருக்கிறதே என்று நாங்கள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டோம்.

போட்டி நடத்துகிற சங்கத்து ஆபீஸிலிருந்து கடிதம். யாழினி என்பவருக்கு முன்பு ஒரே ஒரு ஐந்தாம் இடம்தான். மெடல் கிடையாது. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குள் வேறு சான்று இல்லாவிட்டால் இரண்டாம் இடம் வந்த பிள்ளை போகும்.

அடுத்த வருஷம் என்பது இல்லை. பாப்பாவுக்கு வயசு தாண்டிவிடும். பெரியவர்கள் பிரிவில் அடியிலிருந்து தொடங்க வேண்டும். நாலு வருஷமும் வீண்.

பாப்பா பெட்டியில் வைத்த உடுப்பை எடுத்து மறுபடி அலமாரியில் மாட்டினாள். அந்த ஹேங்கர் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி எகிப்துக்காரர். எல்லாரும் உஸ்தாத் என்பார்கள். நல்ல மனுஷன், பெரிய மீசை. நாலு தாளையும் வரிசையாக மேஜையில் வைத்தார்.

"இது யாழினி. இது கருப்பஸாமி. இது முத்தையா. மூன்று பேர்."

"ஒரு ஆள் சார். சேம் சேம்."

"கருப்பஸாமி யார்?"

"நான்."

"முத்தையா?"

"என் அப்பா."

"மெடல் வாங்கியது யார்?"

"என் மகள்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். டீ சொன்னார். "பேப்பர் கொண்டு வா. பேப்பர் மாஃபி, குவைத் மாஃபி" என்றார். பேப்பர் இல்லாவிட்டால் குவைத் இல்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

6

பேப்பர் என்றால் ஹமீது காக்கா. கீழக்கரைக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். துபாய் தேராவில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். விசா, வாடகை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு படிவம் இருக்கும். கதையைச் சொன்னேன். பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இருபது வருசமா டைப் அடிக்கிறேன். மவுத்தானவரு மெடல் வாங்கினதுக்கு இன்னும் அடிச்சதில்லையே!"

"சிரிக்காதீங்க காக்கா. வியாழன் கடைசி."

"இதுக்குன்னே ஒரு பேப்பர் இருக்குப்பா. இன்னாரும் இன்னாரும் ஒரே ஆளுன்னு. கான்சுலேட்ல குடுத்தா முத்திரை கெடைக்கும். ஆனா அடுத்த வாரந்தான் டோக்கன். இப்ப நான் அடிச்சுத் தர்றேன், காட்டிப் பாருங்க."

அடித்தார். யாழினி, கருப்பசாமி, காலஞ்சென்ற முத்தையா ஆகிய மூவரும் ஒருவரே. நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா உயிரோடு இருந்தபோது அவரும் நானும் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

புதன்கிழமை உஸ்தாத் அதை வாங்கிப் படித்தார். ஒரு வார்த்தையில் விரலை வைத்தார்.

"காலஞ்சென்ற?"

"ஆமாம் சார். லேட்."

"எப்போது?"

"பதினொரு வருஷம்."

"போன வருஷம் இவர் விழாமல் சறுக்கியிருக்கிறார். மாஷா அல்லாஹ்." காகிதத்தைத் திருப்பித் தந்தார். "வேறு கொண்டு வா."

அப்போதுதான் டியூட்டி ஷீட் ஞாபகம் வந்தது. நாலு வருஷ ஷீட்டும் கொட்டகை இரும்பு அலமாரியில் இருக்கிறது. தேதி, நம்பர், குழி, மேனேஜர் கையெழுத்து. போட்டி நாள் தாள்களை எடுத்துக்கொண்டு திரும்பக் காக்காவிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் இங்கிலீஷில் மொழிபெயர்த்து முத்திரை அடித்துத் தந்தார்.

7

வியாழக்கிழமை. ஸ்கூல் விட்டதும் பாப்பாவை யூனிபார்மோடு கூட்டிப்போனேன். மணி ஒன்றரை.

உஸ்தாத் மொழிபெயர்ப்பை வாசித்தார். "நம்பர் ஏழு. பேபி. இடது மூலை. பெரிய குழி." அடுத்த தாள். "நம்பர் நாலு. பேபி. இடது மூலை. குழி இரண்டு." அடுத்தது. "நம்பர் பதினொன்று. பேபி. இடது மூலை. நல்ல குழி." நாலாவதிலும் அதே பேபி, அதே மூலை.

தலையை நிமிர்த்தினார்.

"பேபி யார்?"

எனக்கு வியர்த்துவிட்டது. ஏசிக்கு நேராகத்தான் நின்றிருந்தேன். நான் பாப்பா என்றுதான் எழுதியிருக்கிறேன். எல்லாத் தாளிலும். காக்கா நேர்மையான ஆள். பாப்பாவைப் பேபி ஆக்கிவிட்டார்.

"இப்போது நாலு பேர்" என்றார் உஸ்தாத். மீசை ஆடியது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபமா என்று தெரியவில்லை.

பாப்பா என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. "அப்பா, அஃபீஷியல் பேப்பர்லயுமா? பாப்பான்னா?"

"வேற என்ன எழுத? நீதான?"

அவள் உஸ்தாத் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஆரம்பித்தாள். வேகமாகப் பேசினாள். எனக்குப் பாதி புரிந்தது. போனை எடுத்து மேரிசெல் அனுப்பின நாலு வருஷ வீடியோவையும் காட்டினாள். மற்ற பிள்ளைகள் சுற்றுவதைக் காட்டினாள். எல்லாரும் இடது பக்கமாகச் சுற்றுகிறார்கள். அப்புறம் தன்னைக் காட்டினாள். நம்பர் ஏழு, வலது பக்கம். நம்பர் நாலு, வலது பக்கம். நம்பர் பதினொன்று, வலது பக்கம். இந்த வருஷமும் வலது பக்கம். எங்கள் கிளப்பில் வலது பக்கம் சுற்றுகிறது ஒரே ஒரு ஆள். அதனால்தான் மற்றவர்கள் குழி எல்லாம் வலது மூலையில், பாப்பா குழி மட்டும் இடது மூலையில். ஷீட்டைப் பாருங்கள் என்றாள்.

உஸ்தாத் ஷீட்டைப் பார்த்தார். வீடியோவைப் பார்த்தார். திரும்ப ஷீட்டை. ஒவ்வொரு நம்பரையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். சுவர்க் கடிகாரம் இரண்டுக்குப் பத்து நிமிஷம்.

"நீ மட்டும் ஏன் மாறிச் சுற்றுகிறாய்?"

"கோச் மாத்தப் பாத்தாங்க. முடியல" என்றாள் இங்கிலீஷில். பிறகு என்னைக் காட்டினாள். "அப்பாவோட வண்டிக்குப் பின்னாடி கத்துக்கிட்டேன். வண்டி அப்படித்தான் சுத்தும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். டைல்ஸ் நன்றாக மட்டமாகத்தான் போட்டிருந்தார்கள்.

உஸ்தாத் முத்திரையை எடுத்தார். நாலு தாளிலும் நாலு குத்து. "கலாஸ், முடிந்தது. ஒரு பெண். நாலு பேர். யல்லா, குவைத்."

கடைசியாக ஒரு படிவம் தந்தார். மைக்கில் அறிவிக்க வேண்டிய பெயர் என்று ஒரு கட்டம்.

"யாழினின்னு மட்டும் போடும்மா. போதும்" என்றேன்.

"நோ ப்பா. மெடல் அவங்களும்தான வாங்கியிருக்காங்க?" மூன்று பெயரையும் எழுதினாள். கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. "பாப்பா மட்டும் போட மாட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க, ப்ளீஸ்."

சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

8

குவைத்துக்குப் பாப்பாவோடு பஞ்சவர்ணம் போனாள். எனக்கு லீவு இல்லை. மனைவியின் தம்பி செந்தில் அங்கே ஃபஹாஹீலில் இருக்கிறான். எண்ணெய்க் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. டியூட்டி முடிந்து நீல கவர்ஆல் உடுப்போடு நாலு ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். டிக்கெட் கேட்ட இடத்தில், "ஐ ஆம் அங்கிள், திஸ் ஆல் ஸோ அங்கிள்" என்று ஐந்து பேரும் நுழைந்துவிட்டார்களாம்.

மத்தியானம் மூன்று மணி. நான் வண்டியைக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் ஒரு தோளில். மேரிசெல்லின் இன்னொரு மாணவி இன்னொரு தோளில். படம் ஆடுகிறது.

"மச்சான், தெரியுதா?"

"ஒங்கால் தெரியுது."

"இருங்க திருப்புறேன். இங்க குளுருது மச்சான், எப்படி மனுசன் இதுல இருக்கீங்க?"

"பேசாம காட்டு மாப்ள."

மைக் கரகரத்தது. அறிவிப்பாளர் நிதானமாக, ஒவ்வொன்றாக, மூச்சு விட்டு விட்டுப் படித்தார். யாழினி. கருப்பஸாமி. முத்தையா.

"மச்சான், ஒங்க அப்பா பேரு! ஒங்க அப்பா பேரச் சொல்றான் மச்சான்!" ஐந்து பேரும் விசில் அடிக்கிறார்கள்.

மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். ஒருத்திதான் வந்தாள்.

வலது பக்கமாக ஒரு சுற்றுப் போனாள். பலகை இடது கைப் பக்கம். என் வண்டி போகிற வழிதான். எகிறினாள். இறங்கினாள். எகிறினாள். இறங்கினாள். விழவில்லை. ஒரு இடத்தில் செந்தில் போனைக் கீழே போட்டுவிட்டான். ஒரு நிமிஷம் நாற்காலிக்கு அடியைப் பார்த்தோம். சத்தத்தை வைத்துத்தான் இறங்கிவிட்டாள் என்று தெரிந்துகொண்டோம்.

ஆறு பேர் முடிய இருபத்தைந்து நிமிஷம். அதுவரை நான் ஒரே இடத்தில் நின்றேன். பிறகு செந்தில் கத்தினான். என்ன கத்தினான் என்று புரியவில்லை. பஞ்சவர்ணம் போனைப் பிடுங்கி, "என்னங்க, மொதோ எடங்க" என்றாள். அழுதாள். பின்னால் பாப்பா குரல்: "அம்மா, ஸ்டாப், எல்லாரும் பாக்குறாங்க." அப்புறம் போனுக்குள் மூக்கை வைத்தாள்.

"அப்பா."

"ம்."

"இங்க ஐஸ் நல்லாவே இல்ல. உங்க ஐஸ்தான் பெஸ்ட்."

"சரி."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"ழ சொல்லு."

"யாழினி" என்றாள். சரியாக. அறிவிப்பாளரே ஒழுங்காகச் சொல்லிவிட்டார், தனக்கு ரோஷம் வந்துவிட்டது என்றாள்.

போனை வைத்தேன். வண்டி ஏறினேன். ஒரு வலம் போதும். மூன்று வலம் வந்தேன். வாட்ச்மேன் ஓரத்தில் நின்று சல்யூட் அடித்தான். சூப்பர்வைசர் கண்ணாடிக்கு அப்பால் கையை விரித்து என்ன என்று கேட்டார். ஐஸைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இறங்கி, ஐஸ் தூள் வாளியோடு இடது மூலைக்குப் போனேன். பழக்கம். கண்ணாடி மாதிரி இருந்தது. வாளியைத் திரும்பத் தூக்கி வந்தேன்.

அன்றைய ஷீட்டில் எழுதினேன்: பாப்பா. குவைத். முதல் இடம். இடது மூலை. குழி இல்லை.

மேனேஜர் வந்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.